புழு செத்த பிறகு

பேசினால் மூச்சு வாங்குகிறது. எழுதினால் அவ்வளவு வாங்குவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என்னாதான் வருத்தம் எஸ்தரு ஒனக்கு? ஒருத்தர் புழுங்கிறாங்க, ஒருத்தர் நெஞ்சுங்கிறாங்க." இரண்டும்தான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். வயிற்றில் இருக்கிற புழு நெஞ்சுக்கு எப்படி ஏறும் என்கிறார்கள். முழுக்கச் சொல்லி முடிக்க எனக்கு மூச்சு போதாது. பாதியில் நிறுத்தினால் அவர்களாக மீதியைச் சேர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பிழை இருந்தால் மகள் ஜெனிட்டா திருத்துவாள்.

நான் பயந்த சுபாவம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். நோய் இவ்வளவு காலம் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பஸ் வளைவில் சாய்ந்தால் பயம். ஜெனிட்டா வேலை செய்கிற பண்டாரவளைக் கடையிலிருந்து நேரம் தப்பிப் போன் வந்தால் பயம். பூசை முடிந்து வாசலில் ஃபாதர் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால், என்ன கேள்விப்பட்டாரோ என்று பயம். நெஞ்சு படபடவென்று அடிப்பது எனக்குப் புதிதே இல்லை. மற்றவர்களுக்கும் அது புதிதில்லை.

எங்கள் தோட்டம் ஸ்பிரிங்வெளிப் பக்கம். நாங்கள் இருப்பது மேல் லயம், தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின வீடுகள். பஸ் போகிற ரோட்டிலிருந்து தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஏறித்தான் வர வேண்டும். ஆட்டோ பாதி தூரம்கூட வராது. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், கல்யாணப் பெண், எல்லாம் அந்த ஏற்றத்தில்தான் மேலே வந்தது. அந்த ஏற்றத்தில்தான் முதலில் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது.

அதற்கு முன்னாலேயே இருமல் இருந்தது. பனிக் காலம் முடிந்தும் போகவில்லை. நெஞ்சுக்குள் பூனை கத்துவது போல ஒரு சத்தம். தோட்டத்து டிஸ்பென்சரியில் தொய்வு, இழுப்பு என்று சொல்லி உறிஞ்சுகிற பம்ப் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு காய்ச்சல் வந்து வந்து போனது. பின்னேரமானால் கால் வீங்கியது. செருப்பின் வார் அழுந்தின தடம் விடியும்வரை மறையாது.

ஒருநாள் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது மலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூடை முதுகில் இருந்தபடியே.

கங்காணி மேலேயிருந்து கத்தினார். "என்ன எஸ்தரு, மலையிலேயே குடியிருக்கப் போறியா?"

"நெஞ்சு அடிக்குதுங்க."

"ஒனக்கு நெஞ்சு அடிக்காத நாள் எது? அத மொதல்ல சொல்லு."

நிரையில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சவரிமுத்துவிடம் சொன்னேன். அவர் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிவிட்டு வந்த களைப்பில் இருந்தார். "இது ஒன்னோட பழைய படபடப்புதான் புள்ள. சுடுதண்ணி குடிச்சிட்டுப் படு" என்றார். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். நானே அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருசமாக ஒன்றுமில்லாததற்கெல்லாம் பயந்தவள், இதுவும் ஒன்றுமில்லாததுதான் என்று முதல் தடவையாக என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

லீவில் வந்த ஜெனிட்டாதான் என் காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மறுநாள் என்னைப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் உட்காருகிற வாங்கு நிறைய ஆட்கள். எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு, சிங்களத்திலும் தமிழிலும் அவரவர் வருத்தத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது டாக்டர் என் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்ததாம். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. வார்ட்டில் படுக்க வைத்துவிட்டார்கள். படுக்க வைத்தார்கள் என்பது பேச்சுக்குத்தான். எனக்குப் படுக்க முடியவில்லை. மல்லாந்தால் தண்ணீருக்குள் அமுக்குவது போல இருந்தது. தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தே இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் பரீனா உம்மா இருந்தார். பதுளை டவுனில் அவர்களுக்குப் புடவைக் கடை. நெஞ்சு நரம்பில் அடைப்பு என்று வந்திருந்தார். விடிந்ததும் என்னைப் பார்த்து, "என்ன மகள், ராவு பூரா குந்திக்கிட்டே இருந்தீங்களே, பஸ்ஸுக்கா காத்திருந்தீங்க?" என்று கேட்டார். அன்றைக்குப் பின்னேரம் அவர் மகனிடம் சொல்லி வீட்டிலிருந்து பெரிய பஞ்சுத் திண்டு ஒன்று வரவழைத்து என் முதுகுக்குக் கொடுத்தார். சாய்ந்து கண்ணை மூடினேன். அந்தத் திண்டு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தபோது வாங்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். எங்கள் வார்ட்டு டாக்டரம்மா பதுளைக்காரப் பிள்ளை, முஸ்லிம், தமிழில் நிதானமாகச் சொல்வார். வெள்ளை அணுக்களில் ஒரு வகை என் ரத்தத்தில் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்றார். ஒவ்வாமை வந்தாலோ, உடம்புக்குள் புழு இருந்தாலோ அந்த அணு கூடுமாம். சில நேரம் ரத்தப் புற்றுநோயிலும் கூடுமாம். இந்த மூன்றில் நான் எதைப் பிடித்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு எக்கோ எடுத்தார்கள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது ஸ்கேன் பார்ப்பது போலத்தான், குளிரான பசையைத் தடவி நெஞ்சின் மேல் ஒரு கருவியை வைத்து அழுத்துகிறார்கள். திரையில் இதயம் தெரியும். எனக்குத் திரை புரியாது. அதனால் டாக்டரின் முகத்தையே பார்த்தேன். முதலில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பார்த்தார். நடுவில் முணுமுணுப்பை நிறுத்திவிட்டார். கருவி ஒரே இடத்தில் நின்றது.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலில் வந்து உட்கார்ந்து விசாரித்தார். பார்க்க வந்திருந்த என் நாத்தனார் ரெஜினாவும் அங்கே இருந்தாள். ஹாலிஎலவில் கட்டிக்கொடுத்தவள். கல்யாணத்துக்கு முன்னால் என்னோடு அதே மலையில் கொழுந்து எடுத்தவள். வாய் சும்மா இருக்காது.

"வீட்டுல நாய் வளக்கிறீங்களா அம்மா?"

"வளக்கிறதில்லைங்க. லயத்துல நாய் இருக்கு. எல்லாருக்கும் பொது."

"பச்சை எறச்சி, சரியா வேகாத எறச்சி சாப்பிடுவீங்களா?"

"ஐயோ, இல்லீங்க."

"வேற ஏதும் வழக்கமில்லாத சாமான் சாப்பிடுவீங்களா?"

"இல்லீங்க."

ரெஜினா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே திரும்பினாள். "மண்ணு திம்பாங்களே டாக்டர்."

"என்னா?"

"மண்ணு. எங்க மதினிக்கு ரோட்டோரத்து மண்ணுதான் டொபி."

"அது சாப்பாடாடி?" என்று நான் கேட்டேன். உண்மையாகவே எனக்கு அது ஒரு சாப்பாடாகத் தோன்றவில்லை. மலைக்குப் போகிற பெண்கள் எங்களில் பல பேர் மண் தின்போம். பாதை வெட்டின மேட்டில், மழை பெய்து காய்ந்த சிவப்பு மண் கட்டியாக இருக்கும். பல்லில் கடித்தால் மழை வாசனை வரும். வாயும் வயிறுமாக இருக்கிறபோது தொடங்கும், அப்புறம் விடாது. வெற்றிலை மடிப்பது போல ஒரு கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு போவோம். ஒருத்தி முடிச்சை அவிழ்த்தால் மற்றவள் கை நீட்டுவாள். யாரும் ஒளித்துச் செய்ததில்லை. அதனால் சொல்ல வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தம் குறைந்த பெண்களுக்கு அந்த ஆசை வரும் என்றார். நாயின் குடலில் ஒரு புழு இருக்கிறதாம். அதன் முட்டை நாயின் மலத்தோடு மண்ணில் விழுந்து கிடக்கும். வாய் வழியாக மனிதர் உடம்புக்குள் போனால் அந்தப் புழுவுக்கு வளர முடியாது. குட்டியாகவே இருந்துகொண்டு ஈரல், நுரையீரல் என்று வழி தெரியாமல் திரியும். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் ஆகாது. ரொம்ப அபூர்வமாகச் சிலருக்கு, அதைக் கொல்ல வருகிற வெள்ளை அணுக்கள் இதயத்துக்குள் போய் இறங்கி, அந்த உள்தோலையே புண்ணாக்கிவிடும்.

"இதுதான்னு இப்ப அடிச்சிச் சொல்ல ஏலாது" என்றார். "ரத்தம் கொழும்புக்கு அனுப்புறோம். முடிவு வரட்டும்."

"நானுந்தான் தின்னேன் டாக்டர்" என்றாள் ரெஜினா. இப்போது அவள் குரலில் விளையாட்டு இல்லை. "ஒரே கட்டிய ரெண்டா ஒடச்சித் தின்னிருக்கோம்."

அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. நான் சந்தோசப்பட்டேன். கொஞ்சம் பொறாமையும் பட்டேன். இதை அவளிடமே சொல்லிவிட்டேன். "பொறாமைப்படுங்க மதினி, அதுக்கும் ஒரு தெம்பு வேணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் அழுதாள்.

கொழும்பிலிருந்து முடிவு வருகிறவரை நான் ஒரே ஒரு ஜெபம்தான் செய்தேன். ஆண்டவரே, புழுவாக இருக்கட்டும். உலகத்தில் வேறு யாராவது புழு வேண்டும் என்று கேட்டு ஜெபித்திருப்பார்களா தெரியாது. புழுவென்றால் மாத்திரை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்திப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே, அதுதானே.

ஜெபம் கேட்கப்பட்டது. புழுதான் என்று முடிவு வந்தது. "புழுதானே மகள்! சின்னப் புள்ளைக்கும் வாற சாமான்" என்று பரீனா உம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். என் வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்து வார்ட்டில் எல்லோருக்கும் கொடுத்தார். நர்ஸ் மிஸ்மாருக்கும் கொடுத்தார். என் வாழ்க்கையில் நான் பயப்படாமல் இருந்த நாட்கள் என்றால் அவைதான். புழு மாத்திரை தந்தார்கள். வெள்ளை அணுவை அடக்க வேறு மாத்திரை தந்தார்கள், அதில் முகம் உருண்டையாக வீங்கியது. சிறுநீர் போக ஒரு மாத்திரை, அதில் கால் வீக்கம் வடிந்தது. இருமல் நின்றது. ரத்தத்தில் அந்த அணு இறங்கிவிட்டது. வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி எக்கோ எடுத்தார்கள். இந்தத் தடவை டாக்டர் முணுமுணுக்கவே இல்லை.

பின்னேரம் டாக்டரம்மா வந்தார். என் வீட்டுக்காரரும் ஜெனிட்டாவும் கூட இருந்தார்கள். டாக்டரம்மா தன் கையை முன்னால் நீட்டி, மூடித் திறந்து காட்டினார்.

"இதயம் சுருங்குறது மட்டும் வேலை இல்லம்மா. விரியவும் வேணும். விரிஞ்சாத்தான் ரத்தம் உள்ள வரும். ஒங்கட இதயம் சுருங்குது. விரியத்தான் ஏலாம இருக்கு."

"புழுவாலயா?"

"புழு செத்திருக்கும்."

"செத்துச்சின்னா சரிதானுங்களே?"

"அதால வந்த புண்ணு ஆறி, உள்பக்கம் பூராத் தழும்பாகிட்டு. தழும்பு இழுபடாது. அதை மருந்தால எடுக்க ஏலாது." பிறகு, தழும்பின் மூலையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றும், அது கிளம்பி மூளைக்குப் போய்விடாமல் இருக்க ரத்தத்தை இளக்குகிற மாத்திரை விடாமல் போட வேண்டும் என்றும் சொன்னார்.

பரீனா உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தியிருந்தார்.

ஆபரேசன் செய்து தழும்பை உரித்தெடுக்க முடியுமா என்று கண்டி ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். என்னையும் ஆம்புலன்ஸில் கூட்டிப் போய்க் காட்டினார்கள். அந்தப் பயணத்தில் என் வீட்டுக்காரர் வழியெல்லாம் கோயில்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் கோயில், சைவக் கோயில் என்று பார்க்கவில்லை. தழும்பு இரண்டு பக்கமும் பரவி வால்வையும் பிடித்துவிட்டது, நெஞ்சைத் திறந்தால் மேசையிலேயே போய்விடக்கூடும் என்று அங்கே இருந்த பெரிய டாக்டர் சொன்னார். நல்ல மனிதர். சொல்லும்போது என் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

வீட்டுக்குப் போகலாம் என்று துண்டு வெட்டுகிற அன்றைக்கு டாக்டரம்மா என்னென்ன கூடாது என்று சொன்னார். உப்பு கூடாது. தண்ணீர் அளவுக்கு மேல் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. "முக்கியமா, ஏத்தம் ஏறவே கூடாது."

என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "டாக்டர், நாங்க இருக்கிறதே ஏத்தத்துலதானுங்க. ஏறாம எப்படிங்க வூட்டுக்குப் போறது?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். பதுளையில் பிறந்த பிள்ளை, மேல் லயம் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும்.

அப்படித்தான் நான் ஹாலிஎலவுக்கு வந்தேன், ரெஜினா வீட்டுக்கு. ரயில் ரோட்டுக்குப் பக்கத்தில், சமதரையில் இருக்கிற வீடு. அவள் எனக்காக வீடு முழுவதற்கும் உப்பில்லாமல் சமைக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அலுமாரிக்குப் பின்னால் உப்பும் மிளகாயும் இடித்த கட்டச்சம்பல் போத்தல் ஒளித்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். நல்ல மனிதர், என் முன்னால் அந்தச் சோற்றைப் புகழ்ந்து சாப்பிடுகிறார். என் வீட்டுக்காரர் வந்தால், எனக்குத் தண்ணீர் அளவென்பதால் அவரும் தேத்தண்ணி குடிக்காமல் இருந்துவிட்டுப் போகிறார்.

அவர் இங்கேயே வந்து இருக்கலாம். ஆனால் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்கள் இல்லையென்றால் லயத்துக் காம்பரா நமக்கில்லை. நான் பேரை வெட்டிக்கொண்டாயிற்று. அவரும் வந்துவிட்டால் பூட்டை ஒப்படைக்க வேண்டும். "நீ சொகமாகி வரும்போது வூடு வேணுமில்ல" என்கிறார். நான் சுகமாக மாட்டேன் என்று அவருக்கும் தெரியும். சொன்னால் சண்டை வரும், எனக்குச் சண்டை பிடிக்க மூச்சில்லை.

நத்தாருக்கு, இயேசு பிறந்த நாளுக்கு, என்னை லயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான்தான் கேட்டேன். லயத்துப் பையன்கள் நாற்காலியில் இரண்டு கம்பைக் கட்டி, என்னை உட்கார வைத்துத் தோளில் ஏற்றினார்கள். "எஸ்தரக்கா கொழுந்து மூட்டையவிடக் கனம் கம்மி!" என்று கத்தினார்கள். "பச்சக் கொழுந்தா, காஞ்ச கொழுந்தா?" என்று கேட்டேன். மேலே போய் இறக்கியதும் எல்லோரும் வாசலில் உட்கார்ந்து இரைக்க இரைக்க மூச்சு விட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேத்தண்ணி வருவதற்குள் அவர்களுக்கெல்லாம் மூச்சு அடங்கிவிட்டது. தூக்கி வரப்பட்ட எனக்கு அடங்கவில்லை. மேலே குளிர் வேறு. காலையில் உதடு நீலமாகிவிட்டது என்று திரும்பவும் கீழே தூக்கி வந்தார்கள். என் சொந்த அடுப்பில் ஒரு தேத்தண்ணிகூட ஊற்றவில்லை.

ஈஸ்டருக்கும் தூக்கிக்கொண்டு போவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். வேண்டாங்க என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து ஒரு பழக்கம் தொடங்கினார். வேலை முடிந்து கீழே கடைக்கு வந்து சாமான் வாங்கிக்கொண்டு ஏறும்போது எனக்குப் போன் எடுக்கிறார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறுகிறார். எனக்கு அவர் செருப்புச் சத்தமும் மூச்சும் கேட்கும்.

"பீலிகிட்ட வந்துட்டோம்" என்பார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். "இப்ப கொய்யா மரத்து வளைவு. அணில் கடிச்சிப் போட்டிருக்கு." "மாதா கெபி வந்தாச்சு. கும்பிட்டுக்க." நான் இங்கே படுக்கையில் சாய்ந்தபடி கும்பிட்டுக்கொள்வேன். "மெதுவாப் போங்க, கொஞ்சம் குந்திட்டுப் போங்க" என்பேன். அவருக்கு எதற்கு ஓய்வு? ஆனாலும் குந்துவார். நாய்கள் குரைக்கும். பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்கும். அப்போது சொல்வார்: "வந்துட்டோம் புள்ள." வந்துட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த மாதம் மறுபடியும் கால் வீங்குகிறது. சிறுநீர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். வயிற்றிலும் தண்ணீர் சேர்கிறது என்கிறார்கள். கூட்டக்கூட்டக் களைப்புதான் கூடுகிறது. கிளினிக்கில் இப்போது டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார். நான் எதுவும் கேட்பதில்லை.

நேற்றுப் போன் வந்தது. பீலி கேட்டது. கொய்யா மரம் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை, அசந்துவிட்டேன். கண் விழித்தபோது போன் தலையணையில் கிடந்தது, இணைப்பு போயிருந்தது. திரும்ப எடுத்தேன்.

"வந்துட்டோம்னு சொன்னேனே, கேட்டிச்சா?" என்றார்.

"கேட்டிச்சுங்க" என்றேன்.